ஓடிப்போனவள் கடன்

“இந்த வாரமும் முந்நூறு ரூபாயா?” என்று கத்தினான் இருதயராஜ். திண்டிவனத்துக்கும் ஒலக்கூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டி, அன்றைக்கு அவன் கொண்டுவந்ததே அறுநூறுதான். கேஸ் தீர்ந்து இரண்டு நாளாகிவிட்டது.

“மகளிர் குழுக் கடன்ல ஒருத்தி கட்டலைன்னா மத்தவங்கதானே கட்டணும்? கையெழுத்து போட்டிருக்கோமில்ல?” என்றாள் மனைவி ரோஜா.

“கடன் வாங்கிக்கினு ஓடிப்போனவ எங்கியோ ஜாலியா இருப்பா. நான் டீயக்கூட நிறுத்திட்டு அவளுக்குக் கட்டணுமா? பேரச் சொல்லு, இழுத்துக்கினு வர்றேன்!”

மூன்று மாதமாக இதே சண்டை. பெயரை மட்டும் ரோஜா சொன்னதே இல்லை.

“மானங்கெட்டவ! திருப்பிக் கட்டணும்னு வாங்கறப்ப தெரியலையா?”

ரோஜாவின் பொறுமை போய்விட்டது.

“போதும், நிறுத்துங்க! போன வருஷம் ஆட்டோ இன்ஜின் வேலைக்கு உங்க அக்கா நாப்பதாயிரம் குடுத்தாங்களே, அது ஏது?”

“சீட்டு எடுத்த பணம்னு சொல்லிச்சு.”

“குழுவுல வாங்கின கடன். நீங்க திருப்பித் தருவீங்கன்னு நம்பிக்கினு இருந்தாங்க. கட்ட முடியாமத்தான் பெங்களூருக்கு வீட்டு வேலைக்குப் போனாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையப் புடிச்சிக்கினு அழுதாங்க.”

இருதயராஜ் அறுநூறு ரூபாயையும் அவளிடம் கொடுத்துவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டான்.

“என்னடா தம்பி, ஆட்டோ நல்லா ஓடுதா?” என்று கேட்டாள் அக்கா.