சதாசிவம் வீட்டு ரத்தம்

"எப்பவுமே கொடுக்கக் கூடாதுன்னா என்னம்மா அர்த்தம்? எங்க குடும்பத்து உடம்புல ரத்தம் ஓடுதா, சாக்கடை ஓடுதா?"

சதாசிவம் போட்ட சத்தத்தில் பெர்மாஸ் ஜெயா கோயில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. ரத்த தானம் செய்ய வரிசையில் நின்றவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

திரைக்குப் பின்னால் ஒவ்வொருவரையும் தனியாக விசாரித்து அனுப்பிக்கொண்டிருந்த டாக்டர் தேன்மொழி, அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், நான் காரணத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எழுந்து வந்துட்டீங்க. உள்ள வாங்க, தனியாப் பேசலாம்."

"தனியா எதுக்கு? உள்ள போய் குசுகுசுன்னு பேசிட்டு வந்தா ஊர் என்ன நினைக்கும்?"

"இதையெல்லாம் நாங்க பொதுவுல சொல்லக் கூடாது சார். ரகசியம்."

ரகசியம் என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"ஹெபடைட்டிஸா இருக்கும்லா," என்றது வரிசையில் ஒரு குரல்.

"அலமாக்! காலையிலதானே அவருக்குக் கை குடுத்தேன்!" என்றது இன்னொன்று.

சதாசிவத்துக்குக் காது மடல் சுட்டது. கோயில் தலைவர் என்ற முறையில் முகாமை ஏற்பாடு செய்தவரே அவர்தான். தாமும் படுத்து ரத்தம் கொடுப்பதாக மேடையில் அறிவித்துமிருந்தார். அதைப் பார்க்கவென்றே பத்து பகாட் நகரிலிருந்து கமலநாதனை வரவழைத்திருந்தார். கமலநாதனின் மகன் தீபனுக்குத்தான் தம் மகள் ஷர்மினியைக் கொடுப்பதாகப் பேச்சு. முகாம் முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுக் கல்யாணத் தேதி குறிப்பதாக ஏற்பாடு.

அந்தக் கமலநாதன் இப்போது கட்டிலில் சாய்ந்து, ரப்பர் பந்தைப் பிசைந்தபடி சொகுசாக ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வாங்க வீட்டுக்குப் போலாம். உங்களுக்கு பிரஷர் ஏறிடும்," என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள் மனைவி கஸ்தூரி.

"சும்மா இருடி. இப்ப நடையைக் கட்டினா நோய்க்காரன்னு முத்திரை குத்திடுவானுங்க."

"என்ன மிஸ்டர் சதாசிவம்," என்று கட்டிலிலிருந்து சிரித்தார் கமலநாதன். காலை வரைக்கும் சம்பந்தி சம்பந்தி என்று இழைந்த வாய் அது. "லண்டன்ல மூணு வருஷம் இஞ்சினியரிங் படிச்சப்ப ஏதாச்சும் ஒட்டிக்கிச்சா? நானும் அதே காலத்துலதான் நாலு வருஷம் அங்க சட்டம் படிச்சேன். குளிரு, பனி, கண்ட சாப்பாடு, எல்லாம் பார்த்தாச்சு. என் ரத்தத்தை மட்டும் வருஷா வருஷம் வாங்கிக்கிறாங்களே!"

லண்டனில் படித்த குடும்பம், நம் தகுதிக்கு ஏற்ற இடம் என்றுதான் சதாசிவம் இந்தச் சம்பந்தத்துக்கே தலையாட்டியிருந்தார்.

"தேதிக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," கமலநாதன் விடவில்லை. "பொண்ணுக்கும் ஒரு செக்கப் பண்ணிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு எங்க வீட்டு வாரிசு பாருங்க."

ரத்தம் கொடுத்தவர்களுக்கு மைலோ ஊற்றிக்கொண்டிருந்த ஷர்மினியின் கை அப்படியே நின்றது. கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது.

அதற்கு மேல் சதாசிவத்தால் பொறுக்க முடியவில்லை.

"டாக்டர்! நான் அனுமதி தர்றேன். இங்கேயே, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க. நோயை மறைச்சுப் பொண்ணு கட்டிக் குடுக்கிற குடும்பம் இல்ல எங்களுது!"

தேன்மொழி பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு ஒரு நோயும் இல்ல சார். அந்தக் காலத்துல இங்கிலாந்துல மாடுங்களுக்கு ஒரு மூளை நோய் வந்துச்சு. மனுஷங்களுக்கும் பரவுச்சு. அது ரத்தத்துல இருக்கான்னு சோதிக்க எங்ககிட்ட வழி இல்ல. அதனால எண்பதுகள்ல, தொண்ணூறுகள்ல ஆறு மாசத்துக்கு மேல அங்க இருந்தவங்க யார்கிட்டயும் ரத்தம் எடுக்கிறதில்ல. நீங்க லண்டன்ல இருந்ததை மறைக்காம சொன்னீங்க. அவ்வளவுதான்."

"நான் சுத்த சைவம்மா!"

"சைவத்துக்கும் அதே சட்டம்தான் சார்."

சதாசிவத்தின் முதுகு நிமிர்ந்தது. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வரிசையை ஒரு சுற்றுப் பார்த்தார். "கேட்டீங்களாய்யா? லண்டன்ல படிச்சவன்கிறதாலதான் வேணாங்கிறாங்க!"

ஆனால் தேன்மொழி அங்கே இல்லை. கமலநாதனின் கட்டிலருகே போயிருந்தார்.

"சார், நாலு வருஷம் லண்டன்ல இருந்தேன்னு இப்பச் சொன்னீங்க இல்லையா? உள்ள நான் கேட்டப்ப வெளிநாட்டுல இருந்ததே இல்லன்னீங்களே!" என்றவர் தாதியிடம் திரும்பினார். "மிஸ்ஸி, ஊசியை எடுத்துடுங்க. இந்தப் பையைக் கொட்டிடணும். இவர் இத்தனை வருஷமாக் குடுத்த ரத்தமெல்லாம் யார் யாருக்குப் போச்சுன்னும் தேடணும். விசாரணைக்கு எழுதிடுறேன்."

கமலநாதனின் கையிலிருந்த பந்து நழுவித் தரையில் உருண்டது.

"கொட்டாதீங்க டாக்டர், அது நல்ல ரத்தம்," என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல். "அந்த நாலு வருஷமும் நான் பத்து பகாட்ல, எங்க மாமா துணிக்கடையிலதான் இருந்தேன்."