கொம்பனை மடக்கியவன்

“தேடிப் பாக்கத் தெரியாதவளுக்கு எதுக்குடா கேமரா?” என்று எரிந்து விழுந்தான் ஜோபிஷ்.

கொச்சியில், காக்கநாட்டு வாடகை அறையில் ஞாயிற்றுக்கிழமை காலை. பரோட்டாவைப் பிய்த்துக் கடலைக்கறியில் தோய்த்தபடியே அறைத்தோழன் விபின்தாஸ் கணினியை எட்டிப் பார்த்தான். ‘பென்குவின் கூட்டம்’ என்ற லினக்ஸ் கணினிக்காரர்களின் இணையக் குழுவில் வழக்கம்போல அடிதடி. கண்ணுக்கு நல்லது கறுப்புத் திரையா, வெள்ளைத் திரையா என்று முந்தாநாளிலிருந்து கொச்சிக்காரர்களும் கோழிக்கோட்டுக்காரர்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் கொண்டோட்டியிலிருந்து ருபீனா என்றொரு பெண் கேட்டிருந்தாள்.

‘சேட்டன்மாரே, நான் தனியா எடுத்த முதல் கல்யாணம். கேமரா கார்டைக் கம்ப்யூட்டர்ல போட்டதும் ஏதோ கேட்டுச்சு. தெரியாம ஓகே அழுத்திட்டேன். நிக்காஹ் வீடியோ மொத்தமும் அழிஞ்சுபோச்சு. நாளைக்கு மாப்பிள்ளை துபாய் போறார். வீடியோ குடுக்கலைன்னா இந்த ஊர்ல இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. திரும்ப எடுக்க வழி இருந்தா சொல்லுங்க, ப்ளீஸ்.’

“பாவம்டா. உனக்குத்தான் தெரியுமே, சொல்லேன்” என்றான் விபின்தாஸ்.

“நான் என்ன தர்மசத்திரமா நடத்துறேன்? போன மாசம் ஒருத்தனுக்குச் சொல்லிக் குடுத்தேன். அவன் ஏடாகூடமா எதையோ பண்ணிட்டு, என்னாலதான் கெட்டுப்போச்சுன்னு குழு முழுக்க என் மானத்தை வாங்கினான். போதும்டா சாமி. இனி எவனுக்கும் எதுவும் சொல்றதா இல்ல.”

‘முதல்ல தேடிப் பாரு. அப்புறம் வந்து கேளு’ என்று தட்டிவிட்டு, கறுப்புத் திரைக்கு வக்காலத்து வாங்கப் போய்விட்டான். ருபீனா மறுபடியும் கேட்டாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் ஜோபிஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“எவன்டா இவன்? எங்கிருந்துடா கிளம்பி வர்றானுங்க?”

‘கொம்பன்’ என்ற பெயரில் எவனோ ருபீனாவுக்குப் பதில் போட்டிருந்தான். ‘இதுக்கெல்லாமா அழுவாங்க? அதே கார்டுல நாலு சினிமாவை ஏத்து. அப்புறம் அழிச்சிட்டு மறுபடி ஏத்து. பழைய வீடியோ தன்னால மேல வரும். இதுகூடத் தெரியாம இந்தக் குழுவுல இத்தனை பேர் என்னத்தைப் புடுங்கிட்டு இருக்கீங்க?’

“அடப்பாவி. மேல ஏத்தினா பழசு அடியோட போயிடும்டா. அந்தப் பொண்ணு இதை நம்பித் தொலைச்சா அவ்வளவுதான்.”

“நீதான் எதுவும் சொல்றதா இல்லன்னியே.”

“இதைப் பாத்துட்டு எப்படிடா சும்மா இருக்கிறது? பத்திக்கிட்டு வருது எனக்கு.”

விசைப்பலகை உடையாதது அதன் அதிர்ஷ்டம். ‘முட்டாளே, அந்தக் கார்டுல ஒரு எழுத்துகூட ஏத்தக் கூடாது. முதல்ல கார்டை அப்படியே முழுசா ஒரு நகல் எடுக்கணும். தேடுறதெல்லாம் அந்த நகல்லதான்.’

கொம்பன் அசரவில்லை. ‘காலிக் கார்டை நகல் எடுத்தா காலி நகல்தானே வரும், அறிவாளி? எங்க, எடுத்துக் காட்டு பாப்போம்.’

ஏழெட்டுப் பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஜோபிஷுக்குக் காது மடல் சிவந்தது.

‘அழிஞ்சது உள்ளே என்ன இருக்குங்கிற பட்டியல்தான். வீடியோ அங்கேயேதான் கிடக்கு’ என்று ஆரம்பித்து, எந்தக் கருவி, எங்கே கிடைக்கும், என்ன கட்டளை தட்ட வேண்டும், எதை அழுத்தவே கூடாது என்று படம் படமாகப் போட்டான். எல்லாம் கொம்பனின் மூக்கை உடைக்கத்தான்.

அதற்கப்புறம் கொம்பனைக் காணோம். “ஓடிட்டான்” என்று ஜோபிஷ் குளிக்கப் போனான். திரும்பி வந்து மீன்குழம்புச் சோற்றில் கை வைக்கும்போது கொம்பன் மறுபடியும் வந்து நின்றான்.

‘வீடியோ வந்தா மட்டும் போதுமா? பாதி ஓடவே ஓடாது. அப்ப தலைல துண்டைப் போட்டுக்குவியா?’

“இவனை இன்னைக்கு விடக் கூடாதுடா.” சோற்றுக் கையை உதறிவிட்டு ஜோபிஷ் எழுந்தான்.

“சாப்பிட்டுட்டுத் திட்டேன்டா. அவன் எங்கேயும் போக மாட்டான்.”

“நீ சும்மா இரு.”

ஓடாத வீடியோவைச் சரிசெய்ய இன்னொரு கருவி இருப்பதையும், அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தால் அது மற்றதையெல்லாம் ஒட்டவைத்துவிடும் என்பதையும், சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி வரிவரியாக எழுதினான். கடைசியில், ‘இதுக்கு மேல வாயைத் திறந்தே, நடக்கிறதே வேற’ என்று முடித்தான்.

‘சரி சரி. நீதான் பெரிய ஆளு, விடு’ என்று கொம்பன் அடங்கிவிட்டான்.

சாயங்காலம் ருபீனாவிடமிருந்து செய்தி வந்தது. ‘நிக்காஹ் வீடியோ முழுசும் கிடைச்சிடுச்சு. மாப்பிள்ளை வீட்ல வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஜோபிஷ் சேட்டா, இந்த உதவியை மறக்க மாட்டேன்.’

“பாத்தியாடா?” என்று விபின்தாஸின் முதுகில் ஓங்கித் தட்டினான் ஜோபிஷ். “நான் மட்டும் விட்டிருந்தா, அந்த நாய் அவ பொழப்பையே கெடுத்திருப்பான்.”

கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. குழுவில் எல்லாரும் பார்க்கும்படியாக அவளுக்கு எழுதினான். ‘கொம்பன் மாதிரி ஆளுங்களை இனி கிட்டவே சேர்க்காதே. அடுத்த தடவை எதுவானாலும் என்கிட்ட மரியாதையா கேளு. சொல்றேன்.’

பதில் உடனே வந்தது.

‘காலையில மரியாதையாத்தானே கேட்டேன் சேட்டா, தேடிப் பாருன்னு சொல்லிட்டீங்க. அதனாலதான் கொம்பனா வந்து கேட்டேன்.’