பன்னிரண்டாவது வீடு

கட்டடத்தை வடிவமைத்தவர், அதிலேயே மிக மோசமான வீட்டில் ஓராண்டு குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். எது மோசம் என்பதை அங்கே வசிப்பவர்கள் முடிவு செய்வார்கள். சுடர்க்கொடி இப்படிப் பதினொரு வீடுகளில் இருந்துவிட்டாள். ஒழுகும் கூரையையும் வெளிச்சமில்லாத சமையலறையையும் தானே அனுபவித்து, அடுத்த கட்டடத்தில் திருத்திக்கொண்டாள்.

பன்னிரண்டாவது, எண்ணூர் மீனவர்களுக்காகச் சுடாத மண்கல்லில் கட்டிய குடியிருப்பு. இரண்டு பெட்டிகளோடு குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனாள். யாரும் எந்த வீட்டையும் மோசம் என்று சொல்லவில்லை.

"நாலாவது மாடி மேற்கு மூலை," என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். "சாயங்கால வெயில் நேரா அடிக்கும்."

அங்கே குடியிருந்த பிலோமினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வூட்ட மோசம்னு யாரு சொன்னது? அந்த வெயில்லதான் எனக்குக் கருவாடு காயுது. நான் தர மாட்டேன்."

"அப்ப நான் எங்கதாங்க இருக்கறது?"

"உன் வூட்டுக்குப் போம்மா."

சுடர்க்கொடிக்குச் சொந்த வீடு இருந்தது. சட்டம் வருவதற்கு முன்பு அவளே வரைந்தது, பரிசுகூட வாங்கியது. கட்டி முடித்ததுமே சட்டம் வந்துவிட, ஊர் ஊராகக் குடியிருந்ததில் அங்கே ஒரு நாள்கூடத் தங்கியதில்லை.

அந்த வீட்டின் கதவு பாதி திறந்ததும் மாடிப்படியில் இடித்து நின்றது. பக்கவாட்டில் நுழைந்தாள். ஜன்னல்கள் மிக அழகாக இருந்தன. ஒன்றையும் திறக்க முடியவில்லை.

பெட்டிமேல் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தாள். பிறகு நோட்டை எடுத்து, 'பன்னிரண்டாவது வீடு' என்று எழுதி, கீழே தேதியைப் போட்டாள்.