காவல்நிரலின் கேள்வி

ஒரு கணினிக்குள் பல நிரல்கள் குடியிருந்தன. ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரம் வேலை செய்துவிட்டு அடுத்ததற்கு வழிவிட வேண்டும். அந்த முறையைப் பங்கிடுபவர் முறைகாரர்.

திருடன் புகுந்த மறுநாள் காவல்நிரல் அவர்முன் போய் நின்றது. "ஐயா, நானும் வரிசையில் நின்றால் காவல் எப்படி நடக்கும்?"

"சரி. இனி நீ வாய் திறந்தால் மற்றவர்கள் அப்படியே நிற்பார்கள். ஆனால் உன் நேரத்துக்கு ஒரு வேலி போடுகிறேன், அதைத் தாண்டாதே."

"திருடன் வேலி பார்த்தா வருவான்?"

முறைகாரருக்கும் பயம்தான். வேலியைப் பிடுங்கிவிட்டார்.

"யாருடா அது?" என்று காவல்நிரல் அதட்டியது.

எல்லாம் நின்றன. பக்கத்திலிருந்த கடித நிரல், "நான்தான்" என்று சொல்லத் திறந்த வாயோடு நின்றது.

பதில் சொல்லாதவன்தானே கள்ளன்? காவல்நிரல் மறுபடி கேட்டது. மறுபடியும் கேட்டது. கேட்பதை நிறுத்தவே பயமாக இருந்தது. துணைக்கு முறைகாரரைத் திரும்பிப் பார்த்தது. அவரும் கையை நீட்டியபடி உறைந்திருந்தார்.

வெளியே யாரோ கணினியின் பொத்தானை அழுத்தினார்கள். எல்லாம் இருண்டது.

மீண்டும் வெளிச்சம் வந்தபோது வழக்கம்போல் காவல்நிரல்தான் முதலில் எழுந்தது. அருகே கடித நிரல் கண்விழித்து, அவசர அவசரமாக வாயைத் திறந்தது.

"யாருடா அது?" என்றது காவல்நிரல்.