கூரத்தில் தீனதயாளன்

"ஏம்பா இளவரசா, மேடை காலியா கெடக்குது. உன் ஆளு வருவாரா, மாட்டாரா?"

கேட்டவர் கோதண்டபாணி. கூரத்து அம்மன் திருவிழாவைப் பல வருஷமாக நடத்தியவர். இந்த ஆடிக்குத்தான் ஊரார் அந்தப் பொறுப்பை இளவரசனிடம் கொடுத்திருந்தார்கள். கச்சேரி நடக்காவிட்டால் பொறுப்பு போய்விடும். ஊருக்குள் தலைகாட்டவும் முடியாது.

கச்சேரி என்றால் நகல் கச்சேரி. பிரபலப் பாடகர் தீனதயாளனைப் போலவே தாடியும் தொப்பியும் வைத்துப் பாடுகிற ஒருவரை, காஞ்சிபுரத்துக் குழுவிடம் சொல்லி வரவழைத்திருந்தான். அசலைக் கூப்பிட இந்த ஊருக்கு ஏது வசதி? உள்ளூர் வாத்தியக்காரர்கள் மட்டும் மேடையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நல்லவேளை, ஒரு வேன் கூட்டத்துக்குள் ஊர்ந்து வந்து, மேலே போக வழியில்லாமல் நின்றது. ஜன்னலில் அதே தாடி, அதே தொப்பி. இளவரசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

"இன்னாபா, இவ்ளோ லேட்டா? இறங்கு, நேரா மேடைக்குப் போ."

தொப்பிக்காரர் திகைத்துப் போனார். எதிரே கட்டியிருந்த 'தீனதயாளன் நகல் கச்சேரி' பேனரை ஒருமுறை படித்தார். வேனுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சரிப்பா, பாடிடலாம்" என்று இறங்கினார்.

இளவரசன் கூடவே போனான். "நடை சரியில்லியே. அவரு இன்னும் கொஞ்சம் நிமிந்து நடப்பாரு. தொப்பைய உள்ள இழு."

அவரும் சொன்னபடி இழுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

முதல் வரியிலேயே சலசலப்பு அடங்கிவிட்டது. பொரி விற்றவர் அளந்துகொண்டிருந்த படியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். அடுத்த பாட்டுக்கு, தீனதயாளன் குழுவின் பாடகி ஜெயப்ரியாவை உரித்து வைத்தாற்போல ஒரு பெண் வேனிலிருந்து இறங்கி வந்தாள். பின்னாலேயே அதே குழுவின் டிரம்ஸ் விக்னேஷ் சாடையில் ஒருவர்.

ஒருத்தரைத்தானே கேட்டிருந்தோம் என்று இளவரசன் தடுத்துப் பார்த்தான்.

"சும்மா கேட்டுட்டு உக்கார முடியலைங்க. நாங்களும் ஒரு பாட்டு பாடிட்டுப் போறோமே" என்றாள் அவள்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! அவர் எடுக்க இவள் தொடுக்க, நடுவில் டிரம்ஸ் புகுந்து விளையாட, தூங்கி வழிந்த உள்ளூர் வாத்தியக்காரர்களுக்கே சாமி வந்தது போலாகிவிட்டது. ஊரே எழுந்து நின்றது. இளவரசனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. பக்கத்தில் கோதண்டபாணி தன்னை மறந்து கைகூப்பி நின்றார்.

"ஜெயிச்சிட்ட இளவரசா. நகலே இப்படின்னா, அசல் எப்படிப்பா இருக்கும்?"

இளவரசன் சால்வையை எடுத்துக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தான். கைபேசி அடித்தது. நகல் குழுவின் தலைவர் முத்துக்குமார்.

"மன்னிச்சிக்கோங்கண்ணே. செவிலிமேட்டாண்ட வண்டி படுத்துக்கிச்சு. நானு, நம்ம தீனதயாளன் வேஷக்காரரு, எல்லாரும் ரோட்டு மேலயே நின்னுக்கினு இருக்கோம்."