நடுங்கும் கொக்கு

ஓட்டல் சுவர்களுக்குக் கையால் வரைந்த படங்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது பூரணியின் வேலை. படத்தை வரைந்தது கையா, இயந்திரமா என்று ஓட்டல்காரர்கள் கருவி வைத்துச் சோதிப்பார்கள். கோட்டில் நடுக்கம் இல்லாவிட்டால் அது தள்ளிவிடும். அவளுக்குக் கொக்குப் படங்கள் வரைந்து தரும் தேவசகாயத்துக்குக் கைநடுக்க நோய். அவருடைய கொக்குகளை அது தள்ளியதே இல்லை.

ஒரு வாய் சோற்றைச் சிந்தாமல் அள்ளிச் சாப்பிட அவர் படும் பாட்டைப் பார்த்து மனசு கேட்காமல், பூரணிதான் அவரை நல்ல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரையில் நடுக்கம் நின்றது. நாற்பது வருஷம் விளம்பரப் பலகை எழுதிய கை. கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. அந்த மாதப் படங்கள் பன்னிரண்டையும் இயந்திரம் வரைந்தவை என்று கருவி தள்ளிவிட்டது.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் வீட்டுக்குப் போனாள்.

"படமெல்லாம் திரும்பி வந்துருச்சும்மா" என்றாள் அவர் மனைவி எஸ்தர், அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே. "அதான் மாத்திரைய நிறுத்திட்டோம்."

பக்கத்தில் ஈரம் காயாத புதுக் கொக்கு. கழுத்து அத்தனை அழகாக நடுங்கியிருந்தது.

மாத்திரையைப் போடுங்கள் என்று சொல்லத்தான் பூரணி வாயைத் திறந்தாள்.

"இந்த மாசத்துக்குள்ள நாப்பது படம் முடியுமாய்யா?"