அரைப் பங்கு

தம்பிக்கு இரண்டாவது தட்டு மீன் வந்தபோது, அக்கா ஐந்தாவது கரண்டி சூப்போடு நின்றுவிட்டாள். இன்னும் ஒரு கரண்டி போனாலும் நெஞ்சுக்குக் கீழே கல்லை வைத்து அழுத்தியது போல் ஆகிவிடும். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓட வேண்டியதுதான்.

“என்ன மேடம், சூப் நல்லா இல்லையா?” சர்வர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

அக்கா பையைத் துழாவி, ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினாள். ‘இவர் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அரைப் பங்கு உணவு கொடுத்து உதவவும்.’

சர்வர் அதை வாங்கிப் படித்துவிட்டு, கல்லாவில் இருந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். இருவரும் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“சின்னத் தட்டு குழந்தைங்களுக்கு மட்டும்தானாம் மேடம். முழுசா வாங்கிட்டு, மீதியைக் கட்டிக்கிட்டுப் போங்களேன்.”

“கட்டவெல்லாம் வேணாம். அவங்க பங்கையும் என் பக்கமே வைங்க” என்றான் தம்பி, மீனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அக்கா தையல்காரி. பதினான்கு மாதத்துக்கு முன் நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தாள். துணி வெட்டும் மேசைக்கும் சுவருக்கும் நடுவே நுழைய முடியாமல், மேசையை நகர்த்திப் போட்டுத்தான் வேலை பார்த்தாள்.

நாற்பத்து மூன்று வயதில் அவள் வயிற்றை வெட்டித் தைத்துக்கொண்டு வந்தபோது, தெருவே வாய்க்கு வந்தபடி பேசியது. “இந்த வயசுல யாருக்குக் காட்டவாம்?” என்று அளவு கொடுக்க வந்தவர்களே அவள் காதில் விழும்படி கேட்டார்கள். அவள் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அளவெடுத்தாள்.

மாதத்துக்கு ஒரு முறை தன் உடுப்புகளைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சாப்பாட்டின் மேல் இருந்த ஆசை மட்டும் கொட்டவில்லை.

இப்போது எதிரில் மீனின் மொறுமொறுப்பு கேட்டது. அக்கா எச்சிலை விழுங்கினாள்.

“உனக்கு ஈவு இரக்கமே இல்லையாடா? என்னை எதிர்ல உட்கார வச்சுக்கிட்டு இப்படி வெளுத்துக் கட்டுறியே!”

“சின்ன வயசுல என் தட்டையும் சேர்த்து யார் காலி பண்ணினது? இப்போ என் முறை.” தம்பி உப்புக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான். பிறகு தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். அது நான்காவது டம்ளர்.

“டேய், தண்ணி போதும்டா.”

“இன்னிக்கு ஒரு நாள் விடுக்கா.”

அவள் விட்டுவிட்டாள். இரண்டு வருடத்தில் இன்றுதான் அவனாகவே ஹோட்டலுக்குக் கூப்பிட்டிருந்தான். பேருந்து ஓட்டிய காலத்தில், போகிற ஊரில் எல்லாம் எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்று விரல்நுனியில் வைத்திருந்தவன். அந்த ஆள் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

மேசையின் மேல் சாய்ந்து, ரகசியம் போல் சொன்னாள். “காலையில எடை பார்த்தேன்டா. எழுபத்தஞ்சு! இனிமே குண்டுன்னு சொல்லி யாரும் என்னை வேணாம்னு திருப்பி அனுப்ப முடியாது. நாளைக்குப் போனா தேதி குறிச்சுடுவாங்க.”

தண்ணீர் ஊற்ற வந்த சர்வரின் காதில் அது விழுந்துவிட்டது. “கல்யாணமா மேடம்? அதுக்குத்தான் உடம்பைக் குறைச்சீங்களா? சொல்லவே இல்லையே!”

அக்கா வெட்கப்பட்டதுபோல் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். “முதல்ல தேதி குறிக்கட்டுங்க. உங்களுக்கும் சொல்லி அனுப்பறேன்.”

சர்வர் நல்ல சேதி கேட்ட முகத்தோடு போனார். தம்பி சிரிக்கவில்லை. தட்டை ஓரமாகத் தள்ளினான்.

“அக்கா, நாளைக்குப் போக வேணாம்.”

“ஏன்டா? பயமா இருக்கா? எனக்கே பயமில்ல, உனக்கென்ன வந்துச்சு?”

“வேணாம்னா விடேன்.”

“என்னடா விளையாடுறியா?” அவள் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். “பதினாலு மாசம்! சோத்தைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கேன். ராத்திரி பகல்னு வாந்தி எடுத்திருக்கேன். ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு உடம்பை இறக்கியிருக்கேன். எல்லாம் கைகூடி வர்ற நேரத்துல வேணாம்ங்கிறியே!”

“உன் மேல எந்தக் குறையும் இல்லக்கா. எல்லாம் என்னாலதான்.”

“உன்னால என்ன?”

அவளுடைய ஆறிப்போன சூப்பில் எண்ணெய் வட்டம் வட்டமாகத் திரண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேத்து எனக்கு இதயத்தை ஸ்கேன் பண்ணினாங்க. ஆபரேஷன் மேசையிலேயே நின்னு போயிடும்னு கைவிரிச்சுட்டாங்க” என்றான்.

அக்காவின் கை அவன் கையைத் தேடி மேசையைத் தடவியது.

“உன் கிட்னி இனிமே எனக்கு வேணாம்க்கா.”